பழைய கத்தோலிக்கக் கோயில் கல்யாணப் பதிவேட்டில் லத்தீன் சுருக்கங்களை எப்படிப் படிப்பது?

தாத்தாவின் தாத்தா கல்யாணப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பாதியில் புள்ளி வைத்து நிற்கும் சொற்களைப் பார்த்து முழித்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி முழித்தவன்தான். முழித்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

எங்களுக்குத் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். பூட்டன் கல்யாணம் 1894-ல். மூன்று தடவை நடந்து, கடிதம் எழுதிக் கொடுத்து, அரை மணி நேரம் பார்க்க விட்டார்கள். பூச்சி அரித்த தாள். பூட்டன் பேருக்குக் கீழே, மை ஊறிப்போன இடத்தில் 'டிஸ்ப். 2 கிர். கான்ஸ்.' என்று இருந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்து, 'கான்ஸ்' என்றால் கான்சார்ட், அதாவது சம்சாரம். 2 என்றால் இரண்டாவது சம்சாரம் என்று நானே முடிவு கட்டினேன். அன்றைக்கு ராத்திரியே குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டும் விட்டேன். 84 வயது அத்தை, "எங்க தாத்தாவ ரெண்டு பொண்டாட்டிக்காரர்னு ஊரெல்லாம் எழுதிட்டியேடா" என்று போனில் அழுதவர், அப்புறம் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

செமினரியில் லத்தீன் படித்து ஓய்வு பெற்ற ஒரு சாமியாரிடம் படத்தைக் காட்டினேன். சிரித்துவிட்டார். "எய்யா, கான்ஸ்னா கொன்சாங்குயினித்தாஸ், ரத்த உறவு. டிஸ்ப்னா விலக்கு, கிர்னா படி. ரெண்டாம் படி உறவுக்குள்ள கட்டுறதுக்குத் திருச்சபை கொடுத்த விலக்கு இது. சொந்தத்துல கட்டியிருக்கார், அவ்வளவுதான்."

இந்த இடத்தைக் கவனியுங்கள், உங்கள் பக்கத்திலும் இருக்க வாய்ப்பு உண்டு. பொதுவான முன்னோரிலிருந்து கீழே இறங்கும் படிகளை ஒரு பக்கம் மட்டும் எண்ணுவது அந்தக் காலத்துத் திருச்சபைக் கணக்கு. உடன்பிறந்தவர்கள் ஒன்று, அவர்கள் பிள்ளைகள் இரண்டு. 1917-ல் சட்டத்தைத் திருத்தி மூன்று படியாகக் குறைக்கும் வரை நான்காம் படி வரைக்கும் தடை. 'இரண்டாம் படி முதல் படியைத் தொடுகிறது' என்ற மாதிரி இருந்தால் அக்காள் மகளைக் கட்டியது. வெறும் 2 என்றால் அத்தை மகள் அல்லது மாமன் மகள். சித்தப்பா மகளாகவும் இருக்கலாமே என்று லத்தீன் கேட்கும். நம்மில் அது தங்கச்சி முறை, நடக்காது. ஆக அந்த ஒரு '2' மாப்பிள்ளை வீட்டில் ஒருவரையும் பெண் வீட்டில் ஒருவரையும் உடன்பிறந்தவர்களாக்கிவிடுகிறது. பதிவேட்டில் பேரே இல்லாத ஒரு தலைமுறை எனக்கு இப்படித்தான் கிடைத்தது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஃபில். லெக்.' முறைப்படி பிறந்த பிள்ளை. 'டெஃப்.' காலமானவர், ஆனால் அப்பா பேருக்கும் அம்மா பேருக்கும் நடுவில் நின்றால் செத்தது யார் என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள், அதே சாமியார் மற்ற வரிகளில் பேருக்கு முன்னால் போடுகிறாரா பின்னால் போடுகிறாரா என்று பத்துப் பக்கம் புரட்டிப் பாருங்கள். 'ரெல்.' என்றால் ரிலிஜன் இல்லை, இன்னாரை இழந்தவர். '7பிரிஸ்' ஜூலை இல்லை, செப்டம்பர். லத்தீனில் செப்தெம் என்றால் ஏழு. 8 அக்டோபர், 9 நவம்பர். பேர்களும் வேஷம் போட்டிருக்கும்: பேத்ருஸ் நம் ராயப்பன், பவுலுஸ் சின்னப்பன், யோவான்னஸ் அருளப்பன். கோவா சாமியார்கள் இருந்த கோயிலானால் போர்த்துகீசியமும் கலந்து வரும்.

லத்தீன் தெரிந்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். நான் கப்பல் ஏஜென்சியில் கணக்கு எழுதியவன். சாமியாருக்குச் சாமியார் சுருக்கம் மாறும் என்பதும் தெரியும்.

போர்த்துகீசியம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பெர்னாண்டோ என்று பேரைச் சொன்னால் "கோவாவா? சிலோனா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே எனக்கு வயதாகிவிட்டது. 1530-களில் எங்கள் பரதவர் ஆட்கள் போர்த்துகீசியர் மூலம் ஞானஸ்நானம் வாங்கியபோது ஒட்டிக்கொண்ட பேர் ஐயா அது. வெள்ளைக்காரத் தாத்தா எவரும் இல்லை. போன மாதம்கூட ஒருவர், என் தமிழ் நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார்!

அத்தையிடம் நேரில் போய் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மொறப்பொண்ணக் கட்டுறதுக்கு எதுக்குடா சாமியார்ட்ட கேக்கணும்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. காப்பி கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.