பாரிஷ் கவுன்சில்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இங்கிலாந்தில் ஒரு சின்ன பாரிஷ் கவுன்சிலில் கிளார்க்காக, அதாவது நிர்வாகத்தைக் கவனிக்கிற சம்பள அலுவலராக, இருக்கிறேன். அதற்கு முன்பு பக்கத்து ஊரில் கவுன்சிலராக இருந்தேன். கேள்வி கேளுங்கள் என்று சொன்னதும் குவிந்துவிட்டது. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸ், ஸ்காட்லாந்தில் இருப்பவை கம்யூனிட்டி கவுன்சில்கள், அவற்றின் விதிகள் வேறு.

அக்கா, பாரிஷ் என்றால் சர்ச் விவகாரம்தானே? கோயிலுக்குப் போகிற எங்களுக்கு அங்கே என்ன வேலை?

சர்ச்சையும் இதையும் 1894-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பிரித்துவிட்டார்கள். சர்ச்சுக்கு அதன் சொந்தக் குழு தனியாக உண்டு. பாரிஷ் கவுன்சில் என்பது ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிற உள்ளாட்சியின் கடைசிப் படி, அவ்வளவுதான். நாடு முழுக்கச் சுமார் 10,000 இருக்கின்றன. டவுன் கவுன்சில் என்பதும் இதே ஆள்தான்: ஊர் தன்னை டவுன் என்று சொல்லிக்கொள்ளத் தீர்மானம் போட்டால் தலைவர் மேயராகிவிடுவார், பெரும்பாலும் கழுத்தில் ஒரு சங்கிலியும் ஏறிவிடும். அதிகாரம் ஒரு அங்குலமும் கூடாது.

ஹாரோவில் இருக்கிறேன். எங்கள் பாரிஷ் கவுன்சிலைத் தேடித்தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லையே?

இருந்தால்தானே கிடைக்கும். 2007 சட்டம் வரும்வரை லண்டனில் பாரிஷ் கவுன்சில் அமைக்கவே வழி இல்லாமல் இருந்தது. அதன் பிறகு வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் குவீன்ஸ் பார்க் மக்கள் கேட்டு வாங்கி, 2014-இல் தேர்தல் நடத்தினார்கள். ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் என்று நம் ஆட்கள் நிறைந்த இடங்களில் எல்லாமே பரோ கவுன்சில், அதாவது லண்டனின் வட்டார உள்ளாட்சிதான். மில்டன் கீன்ஸில் நிலைமை நேர் எதிர், அங்கே ஊர் முழுக்க பாரிஷ்கள். உங்கள் கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்கான உள்ளாட்சி வரி) பில்லை எடுத்துப் பாருங்கள். பாரிஷ் அல்லது டவுன் கவுன்சில் என்று தனியாக ஒரு வரியில் தொகை இருந்தால் உங்களுக்கு ஒன்று இருக்கிறது, அதற்குக் காசும் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருக்கிறேன், இந்திய பாஸ்போர்ட். ஓட்டுப் போட முடியுமா? தேர்தலில் நிற்கலாமா?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான்.

ஓட்டு உண்டு. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். முறையான விசாவோடு இங்கே குடியிருந்து 18 வயது ஆகியிருந்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். பிரிட்டிஷ் குடியுரிமை வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று வருடக்கணக்கில் சும்மா இருக்கிறவர்கள் நம்மில் ஏராளம். அப்படிக் காத்திருக்கத் தேவையே இல்லை.

நிற்பது வேறு விஷயம். காமன்வெல்த் குடிமகன் வேட்பாளராக வேண்டுமானால் காலவரையற்ற தங்கும் அனுமதி, நாம் ஐ.எல்.ஆர். என்று சொல்கிறோமே, அது கையில் இருக்க வேண்டும். ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் நிற்க முடியாது. ஐ.எல்.ஆர். வந்ததும் பார்க்க வேண்டியது ஊர்த் தொடர்பு: அந்த பாரிஷின் வாக்காளராக இருக்க வேண்டும், இல்லையென்றால் கடந்த 12 மாதமும் அங்கே வீடோ நிலமோ வைத்திருக்க வேண்டும், அல்லது அந்த 12 மாதமும் முக்கிய வேலை அங்கே இருந்திருக்க வேண்டும், அல்லது அதே 12 மாதமும் அந்த ஊரிலோ அதன் எல்லையிலிருந்து மூன்று மைலுக்குள்ளோ குடியிருந்திருக்க வேண்டும். இவற்றில் ஏதாவது ஒன்று போதும். டெபாசிட் கிடையாது. மனுவில் அந்த ஊர் வாக்காளர்கள் இருவர் கையெழுத்துப் போட்டால் சரி.

பல ஊர்களில் தேர்தலே நடப்பதில்லை, இருக்கிற இடங்களுக்கு ஆள் வந்தால் பெரிய விஷயம். நடுவில் ஒரு இடம் காலியானால் அறிவிப்பு ஒட்டுவார்கள். 14 வேலை நாளுக்குள் பத்து வாக்காளர்கள் எழுதிக் கேட்டால் இடைத்தேர்தல் வரும். கேட்கவில்லையென்றால் கவுன்சிலே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும். நான் உள்ளே போனதும் இந்த வழியில்தான்.

தலைவர் நம் ஊர் பஞ்சாயத்துத் தலைவர் மாதிரியா?

இல்லை. தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவரை ஊரே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறது, காசோலையில் அவர் கையெழுத்தும் உண்டு. இங்கே கவுன்சிலர்கள் ஆண்டுதோறும் மே மாதம் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராக்குகிறார்கள். ஓட்டு சமமாகப் பிரிந்தால் அவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு, மற்றபடி கூட்டத்தை நடத்துவதுதான் வேலை. “தலைவரிடம் பேசிவிட்டேன், செய்து தருகிறேன் என்றார்” என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். தலைவரோ வேறு கவுன்சிலரோ தனியாக எந்த முடிவும் எடுக்க முடியாது. கவுன்சில் எடுக்கலாம், அதன் குழு எடுக்கலாம், அல்லது அதிகாரம் கொடுத்திருந்தால் கிளார்க் எடுக்கலாம்.

நம் கிராம சபைக்குப் பக்கத்தில் வருவது ஒன்று உண்டு: ஆண்டு பாரிஷ் கூட்டம். மார்ச் 1-க்கும் ஜூன் 1-க்கும் நடுவில், மாலை ஆறு மணிக்கு மேல்தான் தொடங்க வேண்டும். அது கவுன்சிலின் கூட்டமே அல்ல, வாக்காளர்களின் கூட்டம். எழுந்து பேசலாம், ஓட்டும் போடலாம். வருகிறவர்கள் பெரும்பாலும் பத்துப் பேர்தான். அந்தப் பத்தில் நீங்கள் நான்கு பேர் இருந்தால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ரோட்டில் குழி, குப்பை எடுக்கவில்லை. யாரிடம் போவது?

இரண்டும் எங்களுடையது இல்லை. ரோடு மேல்படியான கவுன்ட்டி கவுன்சில், குப்பை அதற்கு அடுத்த படியான டிஸ்ட்ரிக்ட் கவுன்சில். யூனிட்டரி ஊர், அதாவது இரண்டு படிக்கும் சேர்த்து ஒரே கவுன்சில் இருக்கிற ஊர் என்றால், இரண்டுமே ஒரே இடம். எங்களிடம் சாதாரணமாக இருப்பவை விளையாட்டுத் திடல், பஸ் நிழற்குடை, பெஞ்சு, சமுதாயக் கூடம், இடுகாடு, சில ஊர்களில் தெருவிளக்கு.

பூங்காவில் ஊஞ்சல் உடைந்து ஆறு மாதமாகிறது. கூட்டத்துக்குப் போய்ச் சொன்னோம், தலையாட்டினார்கள், ஒன்றும் நடக்கவில்லை.

தலையாட்டியதற்கு மேல் அன்று அவர்களால் எதுவும் செய்திருக்க முடியாது. அஜெண்டாவில் இல்லாத விஷயத்தில் கவுன்சில் முடிவெடுத்தால் அது சட்டப்படி செல்லாது. பொதுமக்கள் பேசும் நேரத்தில் சொன்னதைக் கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். இதைப் பலரும் அலட்சியம் என்று நினைத்துக்கொண்டு கோபத்தோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

எனவே கூட்டத்துக்கு முன்னாலேயே வேலையைத் தொடங்க வேண்டும். கூட்டத்துக்கும் அஜெண்டா ஒட்டும் நாளுக்கும் நடுவில் மூன்று முழு நாள் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒட்டிய நாள், கூட்ட நாள், ஞாயிறு, வங்கி விடுமுறை எதுவும் கணக்கில் வராது. செவ்வாய்க்கிழமைக் கூட்டம் என்றால் முந்தின வியாழனே ஒட்டியிருக்க வேண்டும். ஆகவே பத்து நாளுக்கு முன்பே கிளார்க்குக்கு ஈமெயில் போடுங்கள். இரண்டு போட்டோ, எந்தத் திடல், என்ன உடைந்திருக்கிறது, என்ன முடிவு வேண்டும் என்று நான்கு வரி போதும். “அஜெண்டாவில் சேர்க்க முடியுமா?” என்று கேளுங்கள்.

அப்புறம் அஜெண்டா வந்ததும் அந்த வரியைப் படியுங்கள். வெறுமே “பூங்கா” என்று இருந்தால் பேசிவிட்டுக் கலைந்துவிடுவார்கள். “பூங்காவில் உடைந்த ஊஞ்சலை மாற்ற வந்துள்ள விலைகளைப் பார்த்து முடிவெடுத்தல்” என்று இருந்தால் அன்றைக்கே கை தூக்கி ஓட்டுப் போடுவார்கள். என் அனுபவத்தில் சத்தம் போட்டு நடந்ததைவிட ஒழுங்கான அஜெண்டா வரியால் நடந்ததே அதிகம்.

கூட்டத்தில் உட்கார யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். 1960-இல் மார்கரெட் தாட்சர் புது எம்.பி.யாக இருந்தபோது கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் இந்த உரிமையைத் தரும் சட்டம். 2014 முதல் கூட்டத்தைப் படம் பிடிக்கவும் உரிமை இருக்கிறது. ஆனால் முதல் நாளே போனை நீட்டாதீர்கள், பாவம், அவர்களும் சம்பளமில்லாமல் வருகிறவர்கள்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் பின்னால் இரண்டு மாடி இழுத்துக் கட்டுகிறார். பாரிஷ் கவுன்சில் எதிர்த்து எழுதியது, ஆனாலும் அனுமதி கிடைத்துவிட்டது. பிறகு எதற்கு இவர்கள்?

கட்டட அனுமதியில் எங்களிடம் கருத்துத்தான் கேட்பார்கள், தீர்ப்பு டிஸ்ட்ரிக்ட் அல்லது யூனிட்டரி கவுன்சிலுடையது. கருத்துக்கு எடை வர வேண்டுமானால் காரணம் சரியாக இருக்க வேண்டும். “வீட்டு விலை குறையும்”, “ஜன்னலிலிருந்து தெரிந்த காட்சி போய்விடும்” என்பவற்றைக் கணக்கில் எடுக்கவே மாட்டார்கள். உங்கள் அறைக்குள் நேராகப் பார்வை விழுகிறது, வெளிச்சம் மறைகிறது, வண்டி நிறுத்த இடமில்லை, இவை எடுபடும். நீங்களும் தனியாக நேரடியாக எழுதுங்கள், பாரிஷ் எழுதும் என்று விட்டுவிடாதீர்கள்.

புதிய வீடுகள் வருகிற ஊர்களுக்கு ஒரு விஷயம். கட்டுகிறவரிடம் உள்கட்டமைப்பு லெவி என்ற கட்டணம் வசூலாகிற பகுதிகளில் 15 சதவீதம் பாரிஷுக்கு வரும், அதற்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் தன் சொந்த வட்டாரத் திட்டத்தை ஊர் வாக்கெடுப்பில் நிறைவேற்றியிருந்தால் அது 25 சதவீதமாகும், வரம்பும் போய்விடும். திடலுக்கும் கூடத்துக்கும் பணம் இங்கிருந்து வரலாம்.

அக்கா, கொஞ்சம் கீரை, பூசணி, அவரை போட ஒரு துண்டுக் காணி கேட்டுப் பாத்தன். வெயிட்டிங் லிஸ்ட் எண்டு மூண்டு வருசமா இழுக்கினம். ஒண்டும் செய்யேலாதோ?

செய்யலாம். 1908-ஆம் ஆண்டு அலாட்மென்ட் (காய்கறி போட வாடகைக்கு விடும் துண்டு நிலம்) சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. உங்கள் பாரிஷில் வாக்காளராக இருக்கிற அல்லது கவுன்சில் டாக்ஸ் கட்டுகிற ஆறு பேர் சேர்ந்து எழுத்தில் கேட்டால், கவுன்சில் அதைக் கட்டாயம் பரிசீலிக்க வேண்டும். தேவை இருக்கிறது என்று தெரிந்தால் போதுமான அளவு நிலம் தருவது அதன் கடமை. நாளைக்கே கிடைக்காது, நிலம் தேட வேண்டும். ஆனால் வரிசையில் ஒரு பெயராக நிற்பதைவிட ஆறு கையெழுத்துக்கு மதிப்பு அதிகம்.

முழுப் பிளாட் சுமார் 250 சதுர மீட்டர். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது முதுகை ஒடிக்கும். பாதிப் பிளாட் உண்டா என்று கேளுங்கள். பல கவுன்சில்கள் பிரித்துத் தருகின்றன, காத்திருப்பும் குறையும். ஷெட், பாலிடனல் (செடிகளுக்கான பிளாஸ்டிக் கூடாரம்) போடும் முன் ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள்.

போன மாதம் கவுன்சிலரானேன். என்ன படிக்க வேண்டும்? வீட்டு முகவரியை எல்லாரும் பார்ப்பார்களா?

வாழ்த்துகள். பாடம் படிக்கும் முன்பு ஒரு படிவம் இருக்கிறது: பதவியேற்ற 28 நாளுக்குள் உங்கள் வேலை, நிலம், வீடு, கணவர் அல்லது மனைவியின் நலன்கள் எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும். தகுந்த காரணமின்றி விட்டால் கிரிமினல் குற்றம். அந்தப் பதிவேட்டை யாரும் பார்க்கலாம். மிரட்டல் பயம் இருந்தால் முகவரியை மறைக்கச் சொல்லி டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலின் மானிட்டரிங் ஆபீசரிடம் (நடத்தை விதிகளைக் கவனிக்கும் அதிகாரி) கேட்கலாம்.

பயிற்சிக்கு உங்கள் கவுன்ட்டியின் உள்ளூர் கவுன்சில்கள் சங்கம். புது கவுன்சிலர் வகுப்பு ஒரு மாலையில் முடிந்துவிடும், கவுன்சில் அதில் உறுப்பினராக இருந்தால் கட்டணத்தை வழக்கமாக கவுன்சிலே கட்டும். பட்ஜெட் வகுப்பையும் விடாதீர்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை அடுத்த ஆண்டுக்கு ஊரிடம் வசூலிக்கும் வரித்தொகை பற்றித்தான் பேச்சு, அதில் வாய் திறக்காதவர் வருடம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அம்மாவைப் பார்க்க நீண்ட லீவில் ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க: தொடர்ந்து ஆறு மாதம் எந்தக் கூட்டத்துக்கும் வராவிட்டால் பதவி தானாகப் போய்விடும். அந்த ஆறு மாதம் முடிவதற்குள் காரணத்தைச் சொல்லி கவுன்சிலின் ஒப்புதல் வாங்கினால் தப்பும், பிறகு வாங்கினால் தப்பாது. ஜூமில் சேர்ந்துகொள்கிறேன் என்பதும் நடக்காது. கோவிட் காலத்துக்காகக் கொடுத்த அந்த அனுமதி 2021 மே மாதத்தோடு முடிந்தது.

அந்த ஜூம் வீடியோ பார்த்தேன், ஹேண்ட்ஃபோர்த் கவுன்சில். எல்லாக் கூட்டமும் அப்படித்தானா?

ஐயோ, இல்லை. 2020 டிசம்பரில் அந்த பாரிஷ் கவுன்சிலின் ஜூம் கூட்டத்தில் நடந்த சண்டை வீடியோவாக அடுத்த பிப்ரவரியில் நாடு முழுக்கப் பரவியது. சாதாரணக் கூட்டத்தில் நாய் அசிங்கம் செய்வது பற்றி இருபது நிமிடம் பேசுவோம்.

எனக்கு அக்கவுண்ட்ஸ் தெரியும், குழந்தைகள் ஸ்கூல் போகிறார்கள். கிளார்க் வேலை கிடைக்குமா?

தாராளமாக முயலுங்கள். சின்ன கவுன்சில்களில் வாரத்துக்குச் சில மணி நேர வேலைதான், பெரும்பாலும் வீட்டிலிருந்தே. மினிட்ஸ் எழுத வேண்டும், மார்ச் 31-இல் கணக்கு முடித்து ஜூன் கடைசிக்குள் கவுன்சிலின் ஒப்புதல் வாங்க வேண்டும், சட்டம் தெரியாத கவுன்சிலரிடம் “அது முடியாது” என்று பணிவாகச் சொல்லத் தெரிய வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம்.

தொடக்கத்துக்கு இல்கா (ILCA) என்று கிளார்க்குகளுக்கான ஒரு ஆன்லைன் படிப்பு. அடுத்தது சில்கா (CiLCA) சான்றிதழ். சில்கா முடித்த கிளார்க் இருந்து, மூன்றில் இரண்டு பங்குக் கவுன்சிலர்களாவது தேர்தல் வழியே வந்தவர்களாக இருந்தால் அந்த கவுன்சில் பொது அதிகாரத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் பிறகு ஒவ்வொரு செலவுக்கும் தனிச் சட்டப்பிரிவு தேட வேண்டாம். அதனால் விளம்பரங்களில் “சில்கா அல்லது படிக்க விருப்பம்” என்று போடுவார்கள். விருப்பம் இருந்தாலே விண்ணப்பியுங்கள், படிப்புச் செலவை கவுன்சிலிடம் கேளுங்கள். ஒன்று மட்டும்: கவுன்சிலராக இருந்த அதே கவுன்சிலில் பதவி விலகி 12 மாதம் ஆகும்வரை சம்பள வேலைக்குச் சேர முடியாது. நான் பக்கத்து ஊருக்கு வந்தது அதனால்தான்.