கொரோனா காலத்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தை நடத்தியதோடு வளர்க்கவும் முடிந்ததா? எப்படி?

முடிந்தது. ஆனால் வளர்ச்சி என்றதும் கண்ணாடி அறை, வரிசையாகப் பத்து ஜூனியர் என்று நினைத்துவிடாதீர்கள். மதுரையில் நான், இரண்டு ஜூனியர்கள், ஒரு குமாஸ்தா. பெரும்பாலும் சிவில், செக் ரிட்டர்ன் வழக்குகள், கொஞ்சம் ஜாமீன். இந்த அளவுக்குள் நடந்ததைத்தான் என்னால் சொல்ல முடியும்.

அடி எங்கே விழுந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் ஃபீஸ் வாய்தாவோடு ஒட்டிக்கொண்டது. வக்காலத்து போடும்போது ஒரு தொகை, அப்புறம் வாய்தாவுக்கு வாய்தா கட்சிக்காரர் கையில் இருப்பதைக் கொடுப்பார். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியதும் வாய்தா நின்றது, வரவும் நின்றது. வாடகை நிற்கவில்லை. குமாஸ்தாக்கள் பாடு இன்னும் மோசம். சம்பளத்தைவிட, பைலிங்குக்கும் நகல் மனுவுக்கும் கட்சிக்காரர் தனியாகக் கொடுப்பதுதான் அவர்களுக்குப் பிழைப்பு. அது ஒரே நாளில் இல்லாமல் போனது.

செலவைக் குறைக்க உட்கார்ந்தபோது, குமாஸ்தா அண்ணனுக்கும் ஜூனியர்களுக்கும் கொடுப்பதில் கை வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். பெருந்தன்மை எல்லாம் இல்லை, கணக்குதான். எந்த வழக்குக் கட்டு எந்த கோர்ட்டில் இருக்கிறது, எது என்ன குறைக்காக ரிட்டர்ன் ஆகிக் கிடக்கிறது என்பதெல்லாம் அண்ணன் தலைக்குள்தான் இருந்தது. அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் அலுவலகத்தின் பாதி போன மாதிரி. அதற்குப் பதிலாக, வாடகைக்கு எடுத்திருந்த இரண்டாவது அறையைக் காலி செய்தோம்.

வளர்ச்சிக்குக் காரணமான வேலை ரொம்பச் சாதாரணமானது. கோர்ட் டைரி அண்ணன் வீட்டில் இருந்தது. அவர் போனில் ஒவ்வொரு பக்கமாக வாசிக்க, ஒரு ஜூனியர் கூகுள் ஷீட்டில் ஏற்றினார். வழக்கு எண், எந்தக் கட்டத்தில் நிற்கிறது, அடுத்த வாய்தா, காலக்கெடு முடியும் நாள், கட்சிக்காரர் போன் நம்பர். போன் நம்பரில்தான் மாட்டிக்கொண்டோம். எங்களிடம் இருந்த நம்பர்களில் நிறைய, மருமகனுடையது, இல்லாவிட்டால் அவரை எங்களிடம் கூட்டி வந்த ஊர்க்காரருடையது. ஒவ்வொன்றாகப் பிடித்து நேர் நம்பர் வாங்கினோம்.

பிறகு எல்லோருக்கும் நாங்களே போன் செய்தோம். "உங்க கேஸ் இந்த நிலையில இருக்கு. கோர்ட்ல இப்ப அவசர மனு மட்டும்தான் எடுக்குறாங்க. வாய்தா தள்ளிப் போகும், அலைய வேண்டாம்." அவ்வளவுதான் பேச்சு. பணம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், பேசுவது வக்கீல்தானா என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். கட்சிக்காரர் கூப்பிடுவதும் வக்கீல் எடுக்காமல் இருப்பதும்தானே உலக வழக்கம்!

வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது. பார் கவுன்சில் விதி 36 அப்படி. 2008 திருத்தத்துக்குப் பிறகு இணையதளத்தில் பெயர், முகவரி, தகுதி, எந்த வகை வழக்கு என்கிற விவரங்களைப் போடலாம், அதற்கு மேல் இல்லை. ஆகவே எங்களுக்குப் புது வேலை வாய்வழியாகத்தான் வர வேண்டும். அந்தப் போன்கள்தான் அதைக் கொண்டுவந்தன. "கேஸ் கிடக்கட்டும் சார், கடை பூட்டிக் கிடக்கு, வாடகை கட்டணுமா?" என்று ஒருவர். சரக்கு அனுப்பிப் பணம் வராமல் உட்கார்ந்திருந்த சிறுதொழில்காரர் இன்னொருவர். முன்பெல்லாம் இதற்குக் கோர்ட் வராந்தாவில் நின்றபடி இலவசமாகப் பதில் சொல்லிவிட்டுப் போவோம். இப்போது நோட்டீஸுக்கு இவ்வளவு, ஒப்பந்தம் படித்துச் சொல்ல இவ்வளவு, அரை மணி நேர ஆலோசனைக்கு இவ்வளவு என்று எழுதி வைத்தோம். ஜிபேயில் முன்பணம். வாய்தாவை நம்பாத முதல் வருமானம் அதுதான்.

கடை வாடகை விஷயத்தில், பெருந்தொற்றைக் காட்டி வாடகையை நிறுத்தலாம் என்று வாட்ஸ்அப்பில் பலரும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2020 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம், நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிற ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆவது பிரிவு நடப்பிலுள்ள குத்தகைக்குப் பொருந்தாது, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. அதனால் சண்டைக்குப் போகாமல், கட்டட உரிமையாளரிடம் பேசி இத்தனை மாதத்துக்கு இவ்வளவு குறைப்பு என்று ஒரு பக்கத்தில் துணை ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கச் சொன்னோம். எழுதிக் கொடுத்ததும் நாங்கள்தான். வாடகைக்கு விட்ட சில கட்டட உரிமையாளர்களே அடுத்த வேலைக்கு எங்களிடம் வந்தார்கள்.

சிறுதொழில்காரருக்கு 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் இருக்கிறது. பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அந்த வட்டியைக் கணக்குப் போட்டுக் காட்டி ஒரு நோட்டீஸ் விட்டாலே பல இடங்களில் பேச்சுக்கு வந்துவிடுவார்கள்.

தொழில் நடத்துகிறவர்கள் அதிகம் கோட்டைவிட்ட இடம், வழக்குப் போட வேண்டிய காலக்கெடு. உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 23 அன்று, மார்ச் 15 முதல் காலக்கெடுவை நீட்டித்தது. கடைசியில் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலம் கணக்கிலிருந்து விலக்கப்பட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் இதைக் கேட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் அவகாசம் இருக்கிறது என்று உட்கார்ந்துவிடக் கூடாது. செக் விஷயத்தையே பாருங்கள். 2020 ஜூலை 10 அன்று செக்கின் மூன்று மாத ஆயுளையும் நீட்டிக்கச் சொல்லிக் கேட்டபோது, அது ரிசர்வ் வங்கி வகுத்தது, நாங்கள் தலையிட மாட்டோம் என்றது அதே நீதிமன்றம். செக் ஆயுள் முடிந்தால், செக் ரிட்டர்னுக்குப் போடும் 138ஆவது பிரிவு வழக்கே இல்லை. ஊரடங்கிலும் வங்கி திறந்துதான் இருந்தது. "செக்கைப் பீரோவில் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், போய்ப் போடுங்கள்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது.

ஜாமீனிலும் அதே கதை. 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் பெறும் உரிமைக்கு அந்த நீட்டிப்பு குறுக்கே நிற்காது என்று 2020 ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அது எங்கள் மதுரை மாவட்டம் சமயநல்லூர் காவல் நிலைய வழக்கிலிருந்து போனது. அதனால் நீட்டிப்பே இல்லை என்று வைத்துக்கொண்டுதான் எங்கள் ஷீட்டில் கடைசி நாளைக் குறித்தோம்.

காணொலி விசாரணை பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மதுரையில் உட்கார்ந்தபடி சென்னை வழக்கில் ஆஜராக முடிந்தது லாபம். மைக்கை ஆன் செய்ய மறந்து பாதி வாதத்தைக் காற்றோடு முடித்த சீனியர்களைப் பார்த்தது தனி அனுபவம்.

2021 மே மாத இரண்டாம் அலையில் மறுபடி முழு ஊரடங்கு. அதற்குள் ஒவ்வொரு கட்டுக்கும் இரண்டு பேர் பொறுப்பு என்று பிரித்திருந்தோம். ஒரு ஜூனியர் படுத்துவிட்டபோது இன்னொருவர் அப்படியே எடுத்து நடத்தினார்.

இப்போது மூன்று ஜூனியர்கள். அந்த ஆலோசனை, நோட்டீஸ் வரவுதான் மூன்றாமவரின் சம்பளம். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 கொடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விடும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. வாய்தா ஃபீஸை மட்டும் நம்பியிருந்தால், சின்ன அலுவலகம் ஒன்றில் இதைக் கொடுத்துக் கட்டுப்படியாகாது.