ஒரு காலி அறையின் அதிர்வை மட்டும் வைத்து ஒலிக்கலை அமைப்பு (ஓர் இடத்தில் ஒலியையே கலைப்படைப்பாக வைப்பது) செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். மதுரையில் பழைய வீடு ஒன்றில் காரை பூசிய அறை கிடைத்திருக்கிறது என்கிறீர்கள். அதுவே போதும். திருமலை நாயக்கர் மஹால் போன்ற பெரிய கூடத்தில் அதிர்வுகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கலந்து பொதுவான முழக்கமாகிவிடும். சின்ன அறையில்தான் ஒவ்வொரு சுருதியும் தனியாக எழுந்து நிற்கும்.

முதலில் பாய், மெத்தை, திரைச்சீலை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். அப்புறம் அறைக்குள் நின்று, கீழ்ச் சுருதியில் தொடங்கி மெதுவாக மேலேறி முனகிப் பாருங்கள். ஏதோ ஓரிடத்தில் குரல் திடீரென்று பெருகும். அதுதான் அந்த அறையின் சுருதி.

மேலூர் பக்கம் எங்கள் சித்தப்பா வீட்டு நெல் அறையில் நான் செய்து பார்த்தேன். அகலம் 3 மீட்டர். ஒலியின் வேகம் 25 டிகிரி வெப்பத்தில் நொடிக்குச் சுமார் 346 மீட்டர். அதை அகலத்தின் இரு மடங்கால் வகுத்தால் 58 ஹெர்ட்ஸ் வரும்; அடுத்தவை 115, 173. சின்ன ஸ்பீக்கரில் 58 சரியாக எழும்பாது, அதனால் 115-ஐ எடுத்து ஸ்பீக்கரில் தொடர்ந்து ஒலிக்க விட்டேன். ஸ்பீக்கரைத் தரையில் மூலையோரமாக வையுங்கள், அங்கிருந்துதான் அறை நன்றாக அதிரும். பக்கச் சுவரிலிருந்து முக்கால் மீட்டரில் நின்றால் அந்தச் சுருதி ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. இரண்டு எட்டு நடந்து அறையின் நடுவுக்கு வந்தால் நெஞ்சில் வந்து மோதுகிறது. கதவு நாதாங்கிகூடக் கிணுகிணுத்தது. அதை நான் நிறுத்தவில்லை, அதுவும் அந்த அறையின் குரல்தானே.

என்னைக் கேட்டால், இப்படி அறைக்குள் நடந்து கேட்பதுதான் படைப்பு. நாலு மூலைக்கும் ஸ்பீக்கர் வாங்கிச் செலவு செய்யாதீர்கள். வருபவர்களை நடக்க விடுங்கள்.

பேச்சை வைத்துச் செய்ய ஆசையென்றால், அமெரிக்க இசைக் கலைஞர் ஆல்வின் லூசியர் 1969-இல் செய்த வழி இருக்கிறது. சில வாக்கியங்களைப் பதிவு செய்து, அதை அறைக்குள் ஒலிக்க விட்டு மறுபடி பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவையும் அப்படியே. போகப் போகச் சொற்கள் கரைந்து, பேச்சின் தாளமும் அறையின் சுருதிகளும் மட்டும் மிஞ்சும். வீட்டுப் பெரியவர் ஒருவரின் மதுரைப் பேச்சைப் பதிவு செய்து பாருங்கள், அந்த ஏற்ற இறக்கத்துக்கு அருமையாக இருக்கும்.

மீனாட்சி அம்மன் கோயில் இசைத்தூண்களும் இதுவும் ஒன்றா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை. அங்கே அதிர்வது கல், இங்கே அறைக்குள் அடைபட்ட காற்று. காற்று என்பதால் வெயில் ஏற ஏற ஒலியின் வேகமும் கூடி, சுருதி கொஞ்சம் மேலே போகும். ஆட்கள் நிறைந்தாலும் அதிர்வு மங்கும். ஆகவே ஒரே நேரத்தில் நாலைந்து பேருக்கு மேல் உள்ளே விடாதீர்கள். நாளின் எந்த வேளையில் காட்சியோ, அதே வேளையில் சுருதியை முன்கூட்டியே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.