மருத்துவர் பதில்: இறப்பு விகிதம் 1 சதவீதம்தான் என்றால், நம்மைக் காத்தது எது?

கேள்வி: என் வயது 67. ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். 12 வருடமாகச் சர்க்கரை நோய். மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கொரோனா காலத்தில் தமிழ்நாடு அரசின் தினசரி அறிக்கையைப் பார்த்து, தொற்று, இறப்பு எண்களை நோட்டில் எழுதி வந்தேன். கூட்டி வகுத்தால் நம் மாநிலத்தில் இறப்பு 1 சதவீதத்தை ஒட்டி வருகிறது. இத்தாலியில் தொடக்கத்தில் 7 சதவீதத்துக்கு மேல் என்று எழுதி வைத்திருக்கிறேன். சிறுவயதில் காசநோய்க்காகப் போட்ட பி.சி.ஜி. ஊசியா, வெயிலா, கபசுரக் குடிநீரா, எது நம்மைக் காப்பாற்றியது? 2020-இலிருந்து வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட்டை வாரம் ஒன்று வீதம் விடாமல் சாப்பிடுகிறேன். தொடரலாமா?

பதில்: ஐயா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தொடர வேண்டாம். இந்த வாரப் பாக்கெட்டையே பிரிக்காதீர்கள். ஏன், அடுத்து என்ன பரிசோதனை என்பதைக் கீழே எழுதுகிறேன்.

இப்போது உங்கள் நோட்டுக்கு வருவோம். நீங்கள் போட்ட கணக்கில் பிழை இல்லை. சுமார் 36 லட்சம் பேருக்குத் தொற்று உறுதியானது, சுமார் 38,000 பேர் இறந்தார்கள். வகுத்தால் 1 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆனால் பின்னத்தில் தொகுதியும் (மேலே உள்ள இறப்பு) பகுதியும் (கீழே உள்ள தொற்று) எங்கிருந்து வந்தன என்று பார்க்காமல் விடையை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பகுதியில் இருப்பது தொற்றியவர்களின் எண்ணிக்கை அல்ல, பரிசோதனையில் சிக்கியவர்களின் எண்ணிக்கை. 2020 ஆகஸ்ட், செப்டம்பரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று பார்த்தது. கணக்கில் வந்த ஒவ்வொருவருக்கும் பின்னால் 26 முதல் 32 பேர் வரை தொற்று வந்து போயிருந்தது. காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவரை மட்டும் சோதிக்கும் ஊரில் பகுதி சிறுத்து, விகிதம் ஏறிவிடும். தெருத்தெருவாக முகாம் போட்டுச் சோதிக்கும் ஊரில் பகுதி பெருத்து, விகிதம் இறங்கிவிடும். கிருமி என்னவோ ஒன்றுதான்.

தொகுதியும் நிலையானதல்ல. உங்கள் நோட்டில் 2020 ஜூலை 22-ஆம் தேதிப் பக்கத்தைப் பாருங்கள். அன்று இறப்பு 518 என்று எழுதியிருப்பீர்கள். அதில் அன்றைய அறிக்கைக்குரியவை 74 மட்டும். மீதி 444, சென்னையில் முன்பே நடந்து கணக்கில் சேராமல் போன இறப்புகள். பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்த்த குழு கண்டுபிடித்து, ஒரே நாளில் சேர்த்தார்கள். அந்த நாளை மட்டும் பார்ப்பவர் பேரழிவு என்று நினைப்பார், அதற்கு முந்தைய வாரங்களை மட்டும் பார்ப்பவர் நாம் தப்பித்துவிட்டோம் என்று நினைப்பார். இரண்டுமே தவறு. இதனால்தான் ஒற்றை நாள் எண்ணை விட்டு ஏழு நாள் சராசரியை எடுக்கச் சொல்கிறோம். இப்படிப் பழைய பாக்கி சேர்ந்த நாளைத் தனியாகக் குறித்து, அந்தப் பாக்கியை மட்டும் சராசரியில் சேர்க்காமல் விட வேண்டும்.

அடுத்தது, பலரும் சறுக்கும் இடம். இன்று இறப்பவர் இன்று தொற்றியவர் அல்ல. இரண்டு, மூன்று வாரம் முன்பு தொற்றியவர். தொற்று வாரத்துக்கு வாரம் இரட்டிப்பாகிறது, இன்று 8,000 பேர், இறப்பு 40 என்று வையுங்கள். இன்றைய எண்ணால் வகுத்தால் 0.5 சதவீதம். இரண்டு வாரம் முன்பு தொற்று 2,000-ஆக இருந்திருக்கும். அதனால் வகுத்தால் 2 சதவீதம். நான்கு மடங்கு வித்தியாசம்! அலை ஏறும்போது விகிதம் பொய்யாகக் குறைந்தும், இறங்கும்போது பொய்யாகக் கூடியும் தெரியும்.

இதை அப்படியே கண்ணால் பார்க்கக் கிடைத்த இடம் 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பல். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகஹாமா துறைமுகத்தில் 3,711 பேரோடு நிறுத்தி வைத்தார்கள். 712 பேருக்குத் தொற்று உறுதியானது. சோதித்த சமயத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எந்த அறிகுறியும் இல்லை. மார்ச் தொடக்கத்தில் இறந்திருந்தவர்கள் 7 பேர், அதாவது 1 சதவீதம். பிறகு பகுதி அப்படியே நிற்க, தொகுதி மட்டும் 13 ஆனது, விகிதம் 1.8 சதவீதம். புதிதாக யாருக்கும் தொற்றவில்லை, முன்பே படுத்தவர்கள்தான் தாமதமாக இறந்தார்கள். பயணிகளில் பெரும்பாலோர் முதியவர்கள் என்பதால், இந்த 1.8-ஐ எல்லா ஊருக்கும் பொருத்தவும் கூடாது.

வயதுதான் இந்த நோயில் எல்லாவற்றையும் விடப் பெரிய காரணி. தடுப்பூசி வருவதற்கு முன், தொற்றிய ஒவ்வொரு 100 பேரிலும் (சோதனையில் சிக்கியவர், சிக்காதவர் எல்லாரையும் சேர்த்து) இறந்தவர்கள் 25 வயதில் 0.01, 55 வயதில் 0.4, 65 வயதில் 1.4, 75 வயதில் 4.6, 85 வயதில் 15. இருபத்தைந்துக்கும் எண்பத்தைந்துக்கும் இடையே 1,500 மடங்கு. இவ்வளவு பெரிய வித்தியாசத்தின் பக்கத்தில் இஞ்சி, மஞ்சள் எல்லாம் எம்மாத்திரம்?

இத்தாலியின் 7.2 சதவீதம் 2020 மார்ச் 17-ஆம் தேதிக் கணக்கு. சீனாவின் பிப்ரவரிக் கணக்கு 2.3 சதவீதம். வயது வாரியாகப் பிரித்தால், 70 வயதுக்குக் கீழே இரண்டு நாட்டிலும் விகிதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். இத்தாலியில் நூற்றுக்கு 23 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். மூச்சுத் திணறலோடு வந்தவர்களையே அப்போது அதிகம் சோதித்தார்கள். தமிழ்நாட்டையும் ஆந்திராவையும் சேர்த்து 2020-இல் ஓர் ஆய்வு வந்தது. தொற்று உறுதியானவர்களில் இறந்தவர்கள் 5 முதல் 17 வயதில் 0.05 சதவீதம், 85-க்கு மேல் 16.6 சதவீதம். நம் முதியவர்களுக்குத் தனிக் கவசம் எதுவும் இருக்கவில்லை, ஐயா. அந்த வயதை எட்டியவர்கள் நம்மிடையே விகிதத்தில் குறைவு, அவ்வளவுதான்.

சோதனையையும் மருத்துவச் சான்றையும் நம்பாத கணக்கு ஒன்று உண்டு: எல்லாக் காரணத்தாலும் நடந்த மொத்த இறப்பு. இந்தியாவில் பதிவான இறப்புகள் 2019-இல் 76.4 லட்சம், 2020-இல் 81.2 லட்சம், 2021-இல் 1 கோடியே 2 லட்சம். பதிவு செய்யும் பழக்கம் கூடியதும் இதில் ஒரு பங்கு. அதைக் கழித்தாலும் 2021-இன் தாவல் தெளிவாகத் தெரிகிறது. அந்த ஆண்டு முடிவு வரை கொரோனா இறப்பு என்று அரசு கணக்கில் வந்தவை சுமார் 4.8 லட்சம். உலக சுகாதார நிறுவனம் இரண்டாண்டுக்கும் சேர்த்து இந்தியாவுக்கு 47 லட்சம் என்று மதிப்பிட்டது. அந்தக் கணக்கு முறையை இந்திய அரசு ஏற்கவில்லை. எந்த எண்ணை ஏற்றாலும், நாம் தப்பித்தோம் என்ற சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன். அத்தனை வீடுகளில் ஆள் போயிருக்கிறது.

பி.சி.ஜி. விஷயம். 2020 மார்ச்சில், இந்த ஊசி எல்லாருக்கும் போடும் நாடுகளில் இறப்பு குறைவு என்று ஒரு பேச்சு கிளம்பியது. அந்த நாடுகள் பெரும்பாலும் இளைஞர்கள் நிறைந்தவை, கிருமி தாமதமாகப் போய்ச் சேர்ந்தவை, சோதனை குறைவாகச் செய்தவை. மூன்றும் எண்ணைக் குறைத்துக் காட்டும். இஸ்ரேலில் 1982-இல் எல்லாருக்கும் போடுவதை நிறுத்தியிருந்தார்கள். அதனால் 1979–81-இல் பிறந்து ஊசி போட்டவர்களையும், 1983–85-இல் பிறந்து போடாதவர்களையும் ஒப்பிட முடிந்தது: ஒரே நாடு, ஏறக்குறைய ஒரே வயது. சோதித்தவர்களில் தொற்று இருந்தது முறையே 11.7, 10.4 சதவீதம். பலன் இல்லை. பிறகு ஐந்து நாடுகளில் 3,988 சுகாதாரப் பணியாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு பி.சி.ஜி., பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர் போட்டார்கள். ஆறு மாதத்தில் அறிகுறியோடு தொற்று வந்தவர்கள் 14.7-க்கு 12.3 சதவீதம், ஊசி போட்ட பக்கமே சற்று அதிகம். பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் பி.சி.ஜி. போடும் பிரேசிலில் 2021 முடிவுக்குள் 6 லட்சத்துக்கும் மேல் இறந்தார்கள். நம் செங்கல்பட்டில் 1968-இல் தொடங்கிய பெரும் ஆய்விலேயே, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இது தடுக்கவில்லை என்று தெரிந்துவிட்டது. குழந்தைகளை மூளைக் காசநோயிலிருந்து காக்கிறது, அதற்காகவே தொடர்கிறோம். பேரக்குழந்தைக்குத் தவறாமல் போடுங்கள், கொரோனாவுக்காக அல்ல.

கபசுரக் குடிநீர் பற்றிப் பலரும் சொல்வது, 'எங்கள் தெருவில் 100 பேர் குடித்தோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை' என்பது. 40 வயதுக்காரர்கள் 10,000 பேருக்குத் தொற்றினால் இறப்பது ஏறத்தாழ 7 பேர். 100 பேரில் எதைக் குடித்தாலும், குடிக்காவிட்டாலும் இறப்பு பூஜ்யமாகத்தான் இருக்கும். ஒரு சுலப விதி சொல்கிறேன்: ஒரு கூட்டத்தில் இறப்பே இல்லை என்றால், 3-ஐ அந்தக் கூட்டத்தின் எண்ணிக்கையால் வகுங்கள், உண்மை விகிதம் அதுவரை இருக்கலாம். 100 பேரில் பூஜ்யம் என்றால் 3 சதவீதம் வரை இருக்க இடமுண்டு. 1 சதவீத இறப்பை ஒரு மருந்து பாதியாகக் குறைக்கிறது என்று காட்ட, இரு பக்கமும் சுமார் 4,700 பேர் வீதம் வேண்டும். குடிநீர் தொண்டைக்கு இதமாக இருந்தால் குடியுங்கள், அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பெரிய ஆய்விலும் ஏமாற இடமுண்டு. இங்கிலாந்தில் 1 கோடியே 70 லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்தபோது, வயதையும் பாலினத்தையும் மட்டும் சரிசெய்தால் புகைப்பவர்கள் கொரோனாவால் இறக்கும் ஆபத்து 14 சதவீதம் கூடுதல். நுரையீரல் நோய் முதலானவற்றையும் சேர்த்துச் சரிசெய்ததும் 11 சதவீதம் குறைவு போலத் தெரிந்தது. புகை செய்யும் கெடுதலே நுரையீரல் நோய்தானே; அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது பொய்த் தோற்றம்.

உண்மையான கவசம் எப்படித் தெரியும் என்பதற்குத் தமிழ்நாடு காவல்துறைக் கணக்கைப் பாருங்கள். 2021 பிப்ரவரி 1 முதல் மே 14 வரை 1,17,524 பேரில் கொரோனாவால் இறந்தவர்கள் 31. தடுப்பூசி போடாதவர்கள் 20, ஒரு டோஸ் போட்டவர்கள் 7, இரண்டு டோஸ் போட்டவர்கள் 4. 'போட்டவர்களும் 11 பேர் இறந்தார்களே' என்று அப்போது பேச்சு வந்தது. பகுதியைப் போடுங்கள்: போடாதவர்கள் 17,059, ஒரு டோஸ் 32,792, இரண்டு டோஸ் 67,673. ஆயிரம் பேருக்கு 1.17, 0.21, 0.06. இரண்டு டோஸில் இறப்பு 95 சதவீதம் குறைவு. உடல்நிலை மோசமானவர்கள் சிலர் ஊசிக்கே போகாமல் இருந்திருக்கலாம். அதனால் இந்த 95 சற்று மிகையாக இருக்க இடமுண்டு. ஆனால் குலுக்கல் ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டின.

உங்களுக்கு நான் வலியுறுத்துவது இவை. வயது 67, சர்க்கரை வேறு. தடுப்பூசிக் கணக்கை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள், மூன்று மாதச் சராசரி சர்க்கரையை (HbA1c) 7 சதவீதத்தை ஒட்டி வையுங்கள். காய்ச்சல், இருமல் வந்தால் பல்ஸ் ஆக்சிமீட்டரில் பாருங்கள்: விரலைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார்ந்து, மாட்டியபின் எண் அசையாமல் நிற்கும் வரை காத்திருந்து குறியுங்கள். 94-க்குக் கீழே போனால் அன்றே ஆஸ்பத்திரி. கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூட்டிக் காட்டுவதுண்டு. எனவே 95 காட்டினாலும் மூச்சு வாங்கினால் கிளம்பிவிடுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையை வீட்டில் நீங்களாகத் தொடாதீர்கள். டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை 41.4-இலிருந்து 29.3 சதவீதமாகக் குறைத்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிடம் அதே மருந்து கொடுத்த பக்கம் 17.8, கொடுக்காத பக்கம் 14. நோயின் எந்தக் கட்டத்தில் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டாம் அலையில் தேவையில்லாமல் ஸ்டீராய்டு எடுத்துச் சர்க்கரை எகிறி, கருப்புப் பூஞ்சை தாக்கிக் கண்ணை இழந்தவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போன்ற சர்க்கரை நோயாளிகள்.

வைட்டமின் டி: தீவிர நோயாளிகளின் ரத்தத்தில் அது குறைவாக இருந்தது உண்மை. ஆனால் உடல் அழற்சியில் கொதிக்கும்போது அந்த அளவு தானாகவே இறங்கும். படுத்த படுக்கையான முதியவர் வெயிலும் பார்ப்பதில்லை. இங்கிலாந்தில் 6,200 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்குச் சோதித்து, குறைவாக இருந்தவர்களுக்குத் தினம் 800 அல்லது 3,200 யூனிட் கொடுத்தும் கொரோனா குறையவில்லை. வாரம் 60,000 என்பது தினம் 8,500-க்கு மேல். மேற்பார்வையில்லாமல் எடுக்கக்கூடிய உச்ச அளவு தினம் 4,000. குறைபாடு இருப்பவர்களுக்கே அந்தப் பாக்கெட்டை வழக்கமாக எட்டு வாரம்தான் எழுதுகிறோம். நீங்கள் வருடக்கணக்கில் எடுத்திருக்கிறீர்கள். இது கொழுப்பில் தங்கும் சத்து, நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் உடம்பில் நிற்கும். அளவு மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும்: அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், மந்தம். முதல் இரண்டையும் சர்க்கரை என்றே நினைத்து விட்டுவிடுவீர்கள். அதுதான் என் கவலை.

இந்த வாரமே ரத்தத்தில் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி, கால்சியம், அல்புமின், கிரியேட்டினின் நான்கையும் பாருங்கள். கால்சியம் மாத்திரை ஏதும் எடுத்தால் அதையும் முடிவு வரும்வரை நிறுத்துங்கள். கால்சியம் 10.5-க்கு மேல் இருந்தாலோ, கிரியேட்டினின் உங்கள் பழைய அளவைவிடக் கூடியிருந்தாலோ, மறுநாளே பொது மருத்துவரைப் பாருங்கள். எத்தனை வருடம், வாரம் எத்தனை பாக்கெட் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டு போங்கள்.