கிறிஸ்துமஸ் கறி மிச்சமா? மறுநாள் சாண்ட்விச்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அக்கா, கிறிஸ்துமஸ் அன்னைக்கு வறுத்த மாட்டிறைச்சி, காலையில ஃபிரிட்ஜைத் திறந்தா மேலே வெள்ளையா படிஞ்சிருக்கு. கெட்டுப்போச்சா? (குழித்துறை)

இல்லை, தூரப் போட்டுவிடாதீர்கள். நம் பக்கம் தேங்காயெண்ணெயில்தானே வறுக்கிறோம். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மாட்டுக் கொழுப்பும் கூடவே உறையும். ஆனால் அப்படியே ரொட்டிக்குள் வைத்தால் மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டும். இரும்புச் சட்டியில் போட்டு, எண்ணெய் உருகி, ஆவி பறக்க, ஓரம் கருகருவென முறுகும்வரை பிரட்டுங்கள். பிறகு நார் நாராகப் பிய்த்துவிடுங்கள். துண்டாக வைத்தால் முதல் கடியிலேயே முழுசும் உருவிக்கொண்டு வரும். கறியோடு வறுத்த தேங்காய்க்கொத்தை, அதாவது சின்னத் தேங்காய்த் துண்டுகளைப் பொறுக்கி எறியாதீர்கள். மெத்தென்ற ரொட்டிக்கு நடுவே அது கடிபடுவதற்காகவே நான் இதைச் செய்வேன். சின்ன உள்ளியை (சின்ன வெங்காயத்தை) மெலிதாக அரிந்து, எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்டுப் பத்து நிமிஷம் ஊறவிட்டு, பிழிந்து மேலே வையுங்கள்.

கோழிக்கறி வைத்தால் ரொட்டி கூழாகிவிடுகிறது. (கருங்கல்)

சாறுதான் காரணம். கோழியை எடுத்து எலும்பு நீக்கி உதிர்த்துக்கொள்ளுங்கள். சாறைத் தனியே கொதிக்கவிட்டுச் சுண்டவையுங்கள். கரண்டியால் கோடு இழுத்தால் சட்டியின் அடி தெரிந்து, கோடு உடனே மூடாமல் நிற்க வேண்டும். அதில் கோழியைப் பிரட்டி, ஆறவிட்டு வையுங்கள். ரொட்டியின் உட்பக்கம் ஓரம்வரை வெண்ணெய் தடவினால் ஈரம் ஏறாது. ரொட்டியை மட்டும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் மாவுச்சத்து சீக்கிரம் இறுகி வறட்டி ஆகிவிடும்.

மிச்சக் கறி எத்தனை நாள் தாங்கும்? (அருமனை)

சமைத்து 2 மணி நேரத்துக்குள் உள்ளே போயிருந்தால், 4 டிகிரியில் 3 நாள். அதற்கு மேல் நான் தொடமாட்டேன். ஒரு கிறிஸ்துமஸுக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிய கறியை, விருந்தாளிகள் போகட்டும் என்று இரவு 11 மணிவரை மேசையிலேயே விட்டிருந்தேன். மறுநாள் மணத்திலும் ருசியிலும் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் சாப்பிட்ட மூன்று பேருக்கும் வயிற்றுப்போக்கு. அன்றிலிருந்து மூக்கை நம்புவதில்லை, கடிகாரத்தைத்தான் பார்க்கிறேன். பெரிய பானையோடு உள்ளே தள்ளாமல் அகலமான பாத்திரங்களில் பிரித்து வையுங்கள், சீக்கிரம் குளிரும். வேண்டிய அளவு மட்டும் எடுத்து, நன்றாகக் கொதிக்கவைத்துப் பயன்படுத்துங்கள்.

வீட்டில் முட்டை அடித்து மயோனைஸ் செய்து தடவலாமா? பிள்ளைகள் கேட்கிறார்கள். (பாறசாலை)

பச்சை முட்டையில் வேண்டாம். சால்மொனெல்லா கிருமி பயம் உண்டு. உங்கள் கேரளத்தில் 2023 ஜனவரியில் பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்தார்கள். எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை வந்தது. அது கடைகளுக்குத்தான் என்றாலும், கிருமிக்குக் கடை, வீடு என்ற பேதம் இல்லை. தயிரைத் துணியில் 3 மணி நேரம் ஃபிரிட்ஜுக்குள்ளேயே வடியவிட்டு, மிளகுத்தூள், உப்பு, ஒரு பல் பூண்டு தட்டிப்போட்டுக் குழைத்துத் தடவுங்கள். பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

மரக்கறி மிச்சத்தில் எது உதவும்? (மார்த்தாண்டம்)

முட்டைக்கோஸ் துவரன் (தேங்காய் போட்ட பொரியல்). அவித்த உருளைக்கிழங்கு ஒன்றை மசித்துச் சேர்த்துப் பிசைந்து, தோசைக்கல்லில் ரொட்டியோடு அழுத்திச் சுட்டால் உதிராது. அவியல் வேண்டாம், தேங்காயும் தயிரும் சேர்ந்தது, அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.