கொரியர்கள் ஏன் தங்களுக்குள்ளேயே போரிட்டார்கள்? அதன் விளைவு என்ன?

கொரியாவின் பிரிவினை 1945 ஆகஸ்டில் தொடங்கியது. கொரியாவை ஆண்டுவந்த ஜப்பான் சரணடையும் நேரம். சோவியத் படை வடக்கிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. வாஷிங்டனில் இரண்டு அமெரிக்க அதிகாரிகள் வரைபடத்தைப் பார்த்து அவசர அவசரமாக 38-வது அட்சக்கோட்டைப் பிரிப்புக் கோடாகக் குறித்தார்கள். கொரியர் ஒருவரிடமும் கேட்கவில்லை.

சரி, வல்லரசுகள் மட்டும்தான் காரணமா? இல்லை என்பேன். 1948இல் இரு அரசுகள் உருவானதும் வடக்கின் தலைவர் கிம் இல் சுங், தெற்கின் தலைவர் சிங்மன் ரீ இருவருமே முழு நாடும் தங்களுக்கே என்றார்கள். எல்லையில் மோதல் ஓயவில்லை. சோவியத் தலைவர் ஸ்டாலின் சம்மதித்ததும், 1950 ஜூன் 25 அன்று வடகொரியப் படை தெற்கே பாய்ந்தது.

தென்கொரியத் தலைநகர் சியோல் ஒரு வருடத்துக்குள் நான்கு முறை கைமாறியது. எதிரிக்கு உதவியவர்கள் என்று சொல்லி இரு தரப்புமே பொதுமக்களைக் கொன்றன. 1953 ஜூலை 27இல் வந்தது போர்நிறுத்தம் மட்டுமே. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை.

என்னை உலுக்குவது பிரிந்த குடும்பங்கள்தான். 1983இல் தென்கொரியாவின் கேபிஎஸ் தொலைக்காட்சி உறவினர்களைத் தேடும் நிகழ்ச்சியை 138 நாள் ஒளிபரப்பியது. பெயரும் ஊரும் எழுதிய அட்டையை நெஞ்சோடு பிடித்தபடி மக்கள் நின்றார்கள். 10,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தன. வடக்கில் சொந்தம் உள்ளவர்களுக்கோ, அரசுகள் அனுமதித்த சில சந்திப்புகள்தான். 2018க்குப் பிறகு அதுவும் நின்றுவிட்டது.