சவலைப் பிள்ளைக்குத் தடுப்பூசி: கேள்வி பதில்

(கிராம சுகாதார செவிலியராக இருந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.)

கேள்வி: சிஸ்டர், பையனுக்கு 9 மாதம் முடிந்துவிட்டது. எடை ரொம்பக் குறைவு. கொஞ்சம் தேறட்டும், அப்புறம் ஊசி போடலாம் என்கிறார் மாமியார்.

பதில்: தள்ளிப் போடாதீர்கள் அம்மா. தேறாத பிள்ளைக்குத்தான் ஊசி அவசரம். தட்டம்மை வந்தால் நன்றாக வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் எழுந்து விளையாடப் போய்விடுவார்கள், ஆனால் சவலைப் பிள்ளைக்கு அது நிமோனியா, பேதி என்று இழுத்து உயிருக்கே உலை வைத்துவிடும். தட்டம்மை–ரூபெல்லா ஊசியோடு வைட்டமின் ஏ திரவமும் கொடுப்பார்கள், கேட்டு வாங்குங்கள். உடம்பில் இருக்கிற கொஞ்ச வைட்டமின் ஏ-வையும் தட்டம்மை கரைத்துவிடும், கண் பார்வையே போகலாம். ஊசியின் இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதத்துக்குள்.

கேள்வி: நாலு தடவை பேதி வந்த பிறகு பாப்பாவுக்கு எடை ஏறவே இல்லை. என் சாப்பாட்டில்தான் குறையா?

பதில்: உங்களையே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். நோய் வந்தால் பசி போகும், உடம்போ கூடுதலாகச் செலவழிக்கும், பேதியில் சத்து ஒட்டாமலே வெளியேறும். அப்படி மெலிந்த உடம்பில் அடுத்த கிருமி சுலபமாக நுழைந்துவிடும். இதை ஸ்க்ரிம்ஷா, டெய்லர், கார்டன் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்களும் 1968-லேயே உலக சுகாதார நிறுவனத்துக்காக விரிவாக எழுதிவிட்டார்கள், இன்னும் நம் வீடுகளில் பேதி என்றதும் சோற்றை நிறுத்துகிறோமே என்பதுதான் என் வருத்தம். நிறுத்தாதீர்கள். தாய்ப்பால், குழைந்த சாதம், ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்), 14 நாள் துத்தநாக மாத்திரை. பேதி நின்ற பிறகு இரண்டு வாரத்துக்குத் தினம் ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள்.

கேள்வி: ரோட்டா சொட்டு போட்டும் பேதி வந்ததே?

பதில்: பேதிக்குக் கிருமிகள் பல, ரோட்டா அதில் ஒன்று. வாய்வழி மருந்து நம் பிள்ளைகளின் குடலில் பணக்கார நாடுகளில் போல முழுசாகப் பிடிப்பதில்லை என்பதும் உண்மை. போலியோ சொட்டில் இதை வேலூரில் டாக்டர் ஜேக்கப் ஜான் 1970-களிலேயே கண்டு சொன்னார். ஆனாலும் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் அளவுக்குப் போகிற பேதியை அது பெருமளவு தடுக்கிறது. 6, 10, 14 வாரங்களில் தவறாமல் போடுங்கள்.

கேள்வி: லேசான சளி இருந்தால்?

பதில்: போடலாம்.

கேள்வி: ஒல்லி உடம்புவாகா, சத்துக் குறைவா என்று எப்படித் தெரியும்?

பதில்: அங்கன்வாடியில் கை அளக்கும் பட்டை இருக்கும். 6 மாதம் முதல் 5 வயதுக்குள் மேல்கை சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தாலோ, இரண்டு பாதமும் வீங்கியிருந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தடுப்பூசி அட்டையையும் கையோடு கொண்டுபோய், விட்டுப்போன ஊசி இருந்தால் அங்கேயே கேளுங்கள்.